வடசென்னைச் சாலைக்கு மலைச் சைக்கிள்: குறைந்த பணத்தில் எதைப் பார்த்து வாங்குவது

திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ மலை இல்லை. ஆனாலும் கடைக்காரர்கள் எம்.டி.பி. என்று சொல்லும் மலைச் சைக்கிளுக்கு இங்கே வேலை இருக்கிறது. கன்டெய்னர் லாரிகள் ஓடி ஓடிச் சிதைந்த எண்ணூர் விரைவுச் சாலையின் ஓரமும், மழை பெய்தால் பள்ளம் எது தரை எது என்று தெரியாத வியாசர்பாடித் தெருக்களும் அகலமான டயரையும் உறுதியான சக்கரத்தையும் கேட்கின்றன. குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனை அவை அந்த அளவுக்குக் கேட்பதில்லை. கையில் பத்தாயிரத்திலிருந்து பதினெட்டாயிரம் ரூபாய் வரை வைத்திருப்பவர், இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு கடைக்குள் நுழைந்தால் பாதித் தவறுகளைத் தவிர்க்கலாம்.

இந்த விலையில் வரும் முன்பக்கச் சஸ்பென்ஷன் ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில், பெரும்பாலும் ஒரு கம்பிச் சுருள் மட்டுமே இருக்கும். அது அமுங்கும், உடனே எகிறும், அந்த எகிறலைக் கட்டுப்படுத்த உள்ளே எதுவும் இருக்காது. அதன் எடை இரண்டு கிலோவுக்கும் மேல். எழுந்து நின்று மிதிக்கும்போது நம் கால் வலுவில் ஒரு பகுதியை அது விழுங்கிவிடும், கடற்காற்று படும் காசிமேடு, ராயபுரம் பக்கங்களில் அதன் உள் குழாய்கள் விரைவில் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும். எனவே சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க்கும் இரண்டு அங்குலத்துக்குக் குறையாத டயரும் கொண்ட சைக்கிள் கிடைத்தால் அதையே எடுக்கலாம்; டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்த வரம்புக்குள் சற்றுக் குறைவாகக் காற்றடித்தாலே பெரும்பாலான குலுக்கல் அடங்கிவிடும். அப்படிப்பட்ட சைக்கிள் கடையில் இல்லையென்றால், ஃபோர்க்கைப் பூட்டி வைக்கும் லாக்அவுட் வசதி உள்ளதைக் கேளுங்கள். பின்பக்கத்திலும் ஸ்பிரிங் வைத்த மலிவு சைக்கிளை, எவ்வளவு மிடுக்காகத் தெரிந்தாலும், தொடாமல் விட்டுவிடுவது நல்லது.

விற்பனையாளர் சொல்லாததும் வாங்குபவர் பார்க்காததும் பின்சக்கரத்தின் ஹப், அதாவது சக்கரத்தின் நடுக் குடம். மலிவு சைக்கிளில் பல் சக்கரங்கள் ஃப்ரீவீல் என்ற ஒரே கட்டாக ஹப்பின் மேல் திருகப்பட்டிருக்கும். அந்தக் கட்டு இடத்தை அடைத்துக்கொள்வதால் வலப்பக்கப் பேரிங் உள்ளே தள்ளி அமைய, அச்சின் முனை தாங்கல் இல்லாமல் நீண்டு நிற்கும். கனமான உடல் கொண்டவர், அல்லது பின்னால் சுமை ஏற்றுபவர், வேகமாகப் பள்ளத்தில் இறங்கினால் வளைவது அந்த முனைதான். பல் சக்கரங்களைத் திருகாமல் செருகிப் பொருத்தும் கேசட் வகை ஹப்பில் பேரிங் முனைக்கு அருகில் இருப்பதால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. பின்னால் ஏழு பல் சக்கரம் என்றால் பெரும்பாலும் ஃப்ரீவீல், எட்டு அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் கேசட் என்று கொள்ளலாம். ஆனாலும் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பட்ஜெட்டில் ஆயிரம் ரூபாய் மிச்சம் இருக்குமானால் அது போகவேண்டிய இடம் இதுவே என்பேன்.

கியர் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். 21 கியர் என்பது முன்னால் மூன்றும் பின்னால் ஏழும் பெருக்கிய கணக்கு, அவ்வளவே. பேசின் பாலம் போன்ற மேம்பாலங்களே ஏற்றமாக உள்ள ஊரில் முன்னால் ஒன்றும் பின்னால் எட்டும் தாராளமாகப் போதும், பழுதாகும் உறுப்புகளும் குறைவு. கியர் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் வரிசை கீழிருந்து மேலாக டூர்னி, ஆல்டஸ், ஏசெரா, அலிவியோ, டியோர் என்று போகிறது. பின்னால் சங்கிலியை மாற்றிப்போடும் டீரெய்லியரை மட்டும் ஒரு படி உயர்த்திக் காட்டிவிட்டு ஹப்பிலும், பெடல் பொருந்தும் கிராங்கிலும் பெயரில்லாத சரக்கைப் பொருத்துவது பழகிப்போன வழக்கம்.

பிரேக்கைப் பொறுத்தவரை, சுரங்கப்பாதைத் தண்ணீரிலும் மணலிலும் போகிறவருக்குக் கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக் ஏற்றது. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் ஈரத்தில் வழுக்கும், மணல் சேர்ந்தால் ரிம்மையே தேய்க்கும். ஆயினும் பிராண்ட் தெரியாத டிஸ்க்கைவிட, ரிம்மைப் பிடிக்கும் வகையே ஆனாலும், நல்ல வி பிரேக் மேல்.

ஃப்ரேம் அலுமினியமாக இருந்தால் கடற்கரையோரம் வாழ்பவருக்கு நிம்மதி. இரும்பு ஃப்ரேம் என்றால் துரு உள்ளிருந்து தொடங்கும். முழங்கால் தண்ணீரில் ஓட்டிய மறுநாள் சீட் கம்பியை உருவிவிட்டுச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தால் தேங்கிய நீர் வடியும். எந்த ஃப்ரேமானாலும் சீட் கம்பிக்குக் கிரீஸ் தடவாமல் விட்டால் அது உள்ளேயே இறுகிவிடும்.

அளவு தவறினால் மற்றவை வீண். மேல் குழாய்க்கு இருபுறமும் கால் ஊன்றி நிற்கும்போது இரண்டு அங்குல இடைவெளியாவது வேண்டும். இருக்கையில் அமர்ந்து பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்க வேண்டும்.

பாரிமுனை ரத்தன் பஜாரில் சைக்கிள் கடைகள் வரிசையாக இருப்பதால், ஒரே மாலையில் பல கடைகளில் ஏறி இறங்கி விலையை ஒப்பிடலாம், உதிரிப் பாகங்களும் அங்கேயே கிடைக்கும். சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. பழைய விலையட்டையைக் காட்டினால் கேள்வி கேளுங்கள்.

பழைய சைக்கிள் வாங்குவதானால் ஓர் அங்குல அளவுகோலை எடுத்துச் செல்லுங்கள். சங்கிலியில் ஓர் ஊசியின் நடுவிலிருந்து இருபத்து நான்கு ஊசி தள்ளி அளந்தால் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். பதினாறில் ஓர் அங்குலம் கூடியிருந்தால் சங்கிலியை மாற்ற வேண்டும், எட்டில் ஓர் அங்குலம் கூடியிருந்தால் பின் பல் சக்கரங்களும் தேய்ந்திருக்கும். அந்தச் செலவைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். ஹாண்டில் பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் வெல்டிங்கில் மயிரிழை விரிசல் தெரிந்தால் பேரமே வேண்டாம். பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் ஃப்ரேம் எண்ணைப் பில்லோடு ஒப்பிடுங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தால் திருட்டுச் சைக்கிளாக இருக்கலாம்.

புதிதாக வாங்கியதை ஒரு மாதம் ஓட்டிய பிறகு கடைக்கே கொண்டுபோய் ஸ்போக்குகளை இறுக்கி, சக்கரத்தின் கோணலை எடுத்து, பிரேக், கியர் கேபிள்களைச் சரிசெய்யச் சொல்லுங்கள். அந்த முதல் சர்வீஸ் இலவசமா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே பேசி, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.