தோட்டத்துச் சுற்றுப்போட்டிக்குப் புள்ளிப் பட்டியல் போடுவது எப்படி? (வெட்டுப் புள்ளியையும் சேர்த்து)

போன தைப்பொங்கலை ஒட்டி எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கம், இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைக்கு மேலே, ஆறு அணிகளைச் சேர்த்து ஒரு மென்பந்து கிரிக்கெட் சுற்றுப்போட்டி நடத்தினோம். அணிக்குப் பத்து ஓவர். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளோடும் ஒருமுறை மோத வேண்டும். பட்டியலில் முதலில் வரும் அணி நேரே இறுதிப் போட்டிக்குப் போகும், இரண்டாவதும் மூன்றாவதும் தங்களுக்குள் ஆடி மற்ற இடத்தைப் பிடிக்க வேண்டும். புள்ளிக் கணக்கு என் பொறுப்பு.

கடைசி ஞாயிறு மாலை பட்டியலை வாசித்து முடித்தேன். கீழ்மலைக்கு 7, இன்னோர் அணிக்கு 6, மூன்றாவதாக மேமலைக்கு 5. (அணிகளின் பெயரை மாற்றியிருக்கிறேன்.) மேமலைத் தலைவர், நாங்கள் ஸ்கோர் எழுதும் சீ.ஆர். கொப்பியைக் (தடித்த அட்டைப் பதிவுக் கொப்பி) கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "அண்ணே, நாங்க நாலு மேட்ச் ஜெயிச்சிருக்கோம். எட்டு வரணும். ஒரு புள்ளி வெட்டுனீங்க, சரி. மிச்ச ரெண்டு எங்க போச்சு?"

என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு உட்கார்ந்து தேடியதில் ஒரு பிழை கிடைத்தது, மறுநாள் காலையில் இரண்டாவதும் தெரிந்தது. இந்த வருடம் பட்டியல் போடப்போகிற தம்பி தங்கச்சிமார் அதே பள்ளத்தில் விழக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ஷீட்டில் கூட்டல், பெருக்கல் போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எதில் போடுவது

மைதானத்தில் சீ.ஆர். கொப்பியும் நீலப் பேனையும்தான். போனில் ஸ்கோர் போடும் ஆப்கள் இருக்கின்றன, நல்லவைதான். ஆனால் மூடுபனி இறங்கித் தூறல் தொடங்கினால் நனைந்த விரலுக்குத் திரை கேட்பதில்லை, மூன்றாவது போட்டிக்குள் சார்ஜும் போய்விடுகிறது. கொப்பியில் எழுதி, இரு அணியிடமும் கையெழுத்து வாங்கி, இரவில் கூகுள் ஷீட்ஸில் ஏற்றுங்கள். எக்ஸெல் வேண்டாம் என்பேன். எக்ஸெல் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இரண்டு நாளில் ஆளுக்கொரு பட்டியல் கையில் இருக்கும். ஷீட்ஸில் ஒரே லிங்க், எல்லோரும் பார்ப்பது ஒரே பட்டியல்.

படி 1: விதியை முதலில் எழுதுங்கள்

முதல் பந்து போடுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதித் தலைவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வெற்றிக்கு 2, சமநிலைக்கும் மழையால் முடிவில்லாத போட்டிக்கும் அணிக்கு 1. குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் 1 புள்ளி வெட்டு. பதியாத ஆளை இறக்கினால் 2 புள்ளி வெட்டு.

இதோடு விதிவிலக்கையும் எழுதுங்கள். நாங்கள் எழுதவில்லை. மேமலை அணி அன்று பிந்தியது முந்தின இரவு மழையில் பாதையில் மரம் விழுந்ததால். நம் மலைப் பாதைகளில் மரம் விழும், மண் சரியும், பஸ் நிற்கும். அதற்கெல்லாம் புள்ளி வெட்டுவதா என்பதைப் போட்டி நாள் காலையில், இரண்டு அணியும் கோபத்தோடு நிற்கும்போது முடிவு செய்ய முடியாது.

படி 2: நிரல்கள்

இடமிருந்து வலமாக: அணி, ஆடியது, வெற்றி, தோல்வி, சமன் அல்லது முடிவில்லை, பெற்ற புள்ளி, வெட்டு, மிஞ்சிய புள்ளி, நிகர ஓட்ட வேகம் (நெட் ரன் ரேட்: ஓவருக்கு எடுத்த ஓட்டத்திலிருந்து ஓவருக்குக் கொடுத்த ஓட்டத்தைக் கழித்தது; புள்ளி சமனானால் யார் முன்னால் என்பதை இது தீர்மானிக்கும்). பெற்ற புள்ளி என்பது வெற்றியை இரண்டால் பெருக்கிச் சமனைக் கூட்டியது. அதிலிருந்து வெட்டைக் கழித்தால் மிஞ்சிய புள்ளி. இவ்வளவுதான்.

படி 3: வெட்டுக்குத் தனிப் பக்கம்

நான் வழுக்கி விழுந்த இடம் இது. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

மேமலை மூன்று போட்டி வென்று 6 புள்ளியோடு இருந்தபோது அந்தத் தாமத வெட்டு வந்தது. என்னிடம் வெட்டு என்ற நிரலே இல்லை. 6 இருந்த கட்டத்தைத் தொட்டு அதன் மேலேயே 5 என்று அடித்தேன். அந்தக் கட்டத்தில் இருந்தது எண் அல்ல, சூத்திரம். நான் 5 என்று அடித்த நொடியில் சூத்திரம் அழிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் நான்காவது போட்டியையும் வென்றார்கள், வெற்றி நிரல் 4 ஆனது, புள்ளி மட்டும் 5 என்றே நின்றது. ஷீட் எந்த எச்சரிக்கையும் தராது. பார்ப்பவருக்கும் அது சாதாரண எண்ணாகத்தான் தெரியும்.

ஆகவே சூத்திரம் உள்ள கட்டத்தில் கையால் எதையும் அடிக்காதீர்கள். அதே கோப்பில் 'வெட்டு' என்று இன்னொரு பக்கம் திறங்கள். அதில் ஐந்து நிரல்: திகதி, அணி, எந்த விதி, எத்தனை புள்ளி, யார் முடிவு செய்தது. ஒவ்வொரு வெட்டும் அங்கே ஒரு வரி. பிறகு முதல் பக்கத்து வெட்டு நிரலில் 'சம்இஃப்' (SUMIF) சூத்திரத்தைப் போட்டால், அந்தப் பக்கத்தில் அணியின் பெயர் வரும் வரிகளை எல்லாம் தேடி அதுவே கூட்டிக்கொள்ளும். அணியின் பெயரை இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஓரிடத்தில் 'மேமலை', மற்ற இடத்தில் 'மேமலை டிவிசன்' என்றிருந்தால் சூத்திரம் கண்டுகொள்ளாது. கடைசியாகக் கணினியில் ஒருமுறை திறந்து சூத்திர நிரல்களைப் பூட்டிவிடுங்கள்.

பெற்றதையும் மிஞ்சியதையும் ஏன் தனித்தனியாகக் காட்டச் சொல்கிறேன்? இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதிய 2023 ஆஷஸ் டெஸ்ட் தொடரைப் பாருங்கள். ஐந்து போட்டியில் 2–2, ஒன்று டிரா. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் கணக்கில் வெற்றிக்கு 12, டிராவுக்கு 4, ஆக இரண்டு அணியும் ஆடிப் பெற்றது 28. ஓவர்களை நேரத்துக்குள் வீசாததற்காக இங்கிலாந்துக்கு 19 வெட்டு, ஆஸ்திரேலியாவுக்கு 10 வெட்டு. மிஞ்சியது 9, 18. மிஞ்சியதை மட்டும் காட்டினால் ஆஸ்திரேலியா இரண்டு மடங்கு நன்றாக ஆடியது என்று ஒருவர் நினைத்துவிடுவார்.

"ஒரு புள்ளிதானே" என்று எங்கள் குழுவிலும் சொன்னார்கள். 2020 டிசம்பரில் மெல்பேர்னில் இந்தியாவுக்கு எதிராக ஆஸ்திரேலியா இரண்டு ஓவர் பிந்தியது. அப்போதைய விதியில் ஓவருக்கு 2, மொத்தம் 4 புள்ளி போனது. அந்த டெஸ்ட் சாம்பியன்ஷிப் சுற்றின் முடிவில் ஆஸ்திரேலியா 480க்கு 332, அதாவது 69.2 வீதம். நியூஸிலாந்து 600க்கு 420, சரியாக 70. அந்த 4 புள்ளி இருந்திருந்தால் 336, அதுவும் சரியாக 70. சமனானால் அடுத்துப் பார்ப்பது விக்கெட்டுக்கான ஓட்ட விகிதம் (இழந்த விக்கெட்டுக்கு எடுத்த ஓட்டத்தை, வீழ்த்திய விக்கெட்டுக்குக் கொடுத்த ஓட்டத்தால் வகுத்தது), அதில் ஆஸ்திரேலியாதான் முன்னால் இருந்தது. இறுதிப் போட்டிக்குப் போனது நியூஸிலாந்து. 2021 ஜூனில் இந்தியாவை வென்று கிண்ணத்தையும் எடுத்தது.

மேமலைத் தலைவர் அன்று இன்னொன்றும் சொன்னார். "வெட்டுனது பரவாயில்லண்ணே. எதுக்கு எத்தனைன்னு எங்கயாவது எழுதியிருக்கணும்ல." அது என்னைச் சுட்டது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்குக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை என்று கிலோ கழிவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மாலையில் அம்மா வாசலில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணுவார். காலையில் இவ்வளவு, பகலில் இவ்வளவு, பிறகு எப்படி இவ்வளவு குறைந்தது? குறைந்த கிலோவைவிட, கேட்டால் சொல்ல ஆளில்லை என்பதுதான் அவரை வருத்தியது. அதையே நான் ஒரு விளையாட்டுப் பட்டியலில் செய்துவிட்டேன். 'எந்த விதி' என்ற நிரலை வெறுமையாக விட வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

படி 4: நிகர ஓட்ட வேகம்

முதல் பிழையைத் திருத்தியதும் மேமலை 8இல் 1 போக 7, கீழ்மலை மூன்று வெற்றியும் மழையில் நின்ற ஒரு போட்டியும் சேர்த்து 7. சமன். என் ஷீட்டின்படி ஓட்ட வேகம் மேமலைக்கு 0.51, கீழ்மலைக்கு 0.39. மேமலை முதலிடம் என்று குழுவில் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் கீழ்மலைத் தலைவரின் அழைப்பு.

கீழ்மலையின் கணக்கு இது (மழைப் போட்டி சேராது):

முதல் போட்டி: 10 ஓவரில் 92, எதிரணி 10 ஓவரில் 80.
இரண்டாவது: 8.3 ஓவரில் 71க்கு எல்லோரும் ஆட்டமிழப்பு, எதிரணி 7.4 ஓவரில் 72.
மூன்றாவது: எதிரணி 10 ஓவரில் 87, கீழ்மலை 9.2 ஓவரில் 88.
நான்காவது: 10 ஓவரில் 85, எதிரணி 7.5 ஓவரில் 60க்கு எல்லோரும் ஆட்டமிழப்பு.

நான் ஓவர்களை அப்படியே அடித்துக் கூட்டியிருந்தேன். அதில் இரண்டு தவறு. 9.2 என்பது ஒன்பது ஓவரும் இரண்டு பந்தும், ஷீட்டுக்கு அது ஒன்பதே கால் கூட இல்லாத தசம எண். அப்புறம், எல்லோரும் ஆட்டமிழந்த அணிக்கு ஆடிய ஓவரை எடுக்கக்கூடாது, முழுப் பத்து ஓவரையும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சீக்கிரம் சுருண்ட அணிக்கு வேகம் கூடிவிடும்.

சரியான வழி: ஓவருக்கு ஒரு நிரல், மிச்சப் பந்துக்கு ஒரு நிரல். ஓவரை ஆறால் பெருக்கிப் பந்தைக் கூட்டுங்கள். கீழ்மலை ஆடியது 60, 60, 56, 60, மொத்தம் 236 பந்து, 336 ஓட்டம். எதிரணிகள் 60, 46, 60, 60, மொத்தம் 226 பந்து, 299 ஓட்டம். ஓட்டத்தைப் பந்தால் வகுத்து ஆறால் பெருக்கினால் 8.54, 7.94. வித்தியாசம் 0.60. மேமலைக்கும் இப்படியே போட்டேன், 0.53 வந்தது. கீழ்மலைதான் முதலிடம்.

அந்த ஒரு தாமத வெட்டு இல்லாவிட்டால் இந்தக் கணக்கே தேவைப்பட்டிருக்காது. மேமலை 8 புள்ளியோடு நேரே இறுதிப் போட்டிக்குப் போயிருக்கும்.

ஒவ்வொரு நாளும் இந்தக் கணக்கை அணிகளுக்குச் சொல்லுங்கள். 2023 ஆசியக் கிண்ணத்தில் லாகூரில் நம் அணி 291 எடுத்தது. ஆப்கானிஸ்தான் அடுத்த சுற்றுக்குப் போக 37.1 ஓவருக்குள் 292 எடுக்க வேண்டும் என்று கணக்கு. அந்தப் பந்து தாண்டிய பிறகும் ஒரு சிக்ஸர் அவர்களைக் கொண்டுபோயிருக்கும், அது களத்தில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. 37.4 ஓவரில் 289க்கு முடிந்தது.

பின்னர் சேர்த்தவை

வாக்ஓவர் கொடுத்தால் (ஓர் அணி ஆட வராவிட்டால்) ஓட்ட வேகத்தை என்ன செய்வது என்று மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டார். நாங்கள் வந்த அணிக்கு 2 புள்ளி கொடுத்துவிட்டு, அந்தப் போட்டியை ஓட்டக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 1996 உலகக் கிண்ணத்தில் ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்தபோது நம் அணிக்கு அந்த இரண்டு போட்டிக்கும் வெற்றிப் புள்ளி கிடைத்தது. ஆடிய மூன்றையும் வென்று 10 புள்ளியோடு பிரிவில் முதலிடம் வந்தோம். அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தண்ட ஓட்டங்கள் வேறு, வெட்டுப் புள்ளி வேறு. இரண்டையும் குழப்பி இருவர் எழுதியிருந்தார்கள். 2024 ஜூனில் நியூயோர்க்கில் அமெரிக்க அணி ஓவர்களுக்கு இடையே 60 வினாடியை மூன்றாவது முறை தாண்டியதால் இந்தியாவுக்கு 5 ஓட்டம் கிடைத்தது, 30 பந்தில் 35 என்றிருந்தது 30 பந்தில் 30 ஆனது. அத்தகைய ஓட்டம் மொத்தத்தில் உதிரியாகச் சேரும், ஆகவே ஓட்ட வேகத்திலும் சேரும். அதை வெட்டுப் பக்கத்தில் எழுத வேண்டாம்.

உதைபந்தாட்டம் நடத்துகிறவர்கள் அட்டைக்கும் ஒரு நிரல் வையுங்கள், மஞ்சளுக்கு 1 கழிவு. 2018 உலகக் கிண்ணத்தில் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல், நேருக்கு நேர் எல்லாவற்றிலும் சமன். ஜப்பானுக்கு நான்கு மஞ்சள், செனகலுக்கு ஆறு. ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது. மஞ்சள் அட்டையைக் கொப்பியில் குறிக்காமல் விடும் நடுவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இந்த வருடம் எங்கள் வெட்டுப் பக்கத்தில் ஆறாவதாக ஒரு நிரல் சேர்த்திருக்கிறோம்: வெட்டுப்பட்ட அணித் தலைவரின் கையெழுத்து, திகதியோடு. கேட்டது மேமலைத் தலைவர். ஷீட்டில் கையெழுத்துப் போட முடியாதே என்றேன். அந்தப் பக்கத்தை மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் கொப்பியில் எழுதி வாங்கி, படமெடுத்து, லிங்கோடு சேர்த்துப் போடச் சொன்னார். அப்படியே செய்கிறேன்.