கணவர் மீதும் தப்பு என்றால் மனைவியின் இழப்பீட்டில் ஏன் கழிக்க வேண்டும்?

விழுப்புரத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். எங்களிடம் வரும் கட்டுகளில் பாதிக்கு மேல் எம்.சி.ஓ.பி., அதாவது வாகன விபத்து இழப்பீட்டு மனுக்கள். இதில் ஜனங்கள் அதிகம் ஏமாறுவது, இரண்டு வண்டி மேலும் தப்பு இருக்கிற கேஸ்களில்தான்.

அடிக்கடி வரும் கேஸ் இப்படி இருக்கும். ராத்திரி நேரம், பார்க்கிங் லைட் கூடப் போடாமல் ரோட்டிலேயே நிறுத்திய லாரி. பின்னால் போய் ஒரு பைக் மோதுகிறது. ஓட்டியவர் கணவர், பின்னால் உட்கார்ந்திருந்தவர் மனைவி. இருவருக்கும் கால் முறிவு. லாரியின் இன்சூரன்ஸ் தரப்பு என்ன சொல்லும்? "பைக் ஓட்டினவரும் பார்த்து வந்திருக்கணும். ரெண்டு மனுவையும் பாதிப் பாதியா முடிச்சுக்கலாம்." கேட்டால் நியாயம் போலத்தான் இருக்கும். கணவரின் மனுவில் இதைப் பேசலாம். மனைவியின் மனுவில் பேசவே இடம் கொடுக்காதீர்கள்.

காயம்பட்டவரின் சொந்தக் கவனக்குறைவும் விபத்துக்குக் காரணம் என்றால், அவர் பங்கு கழியும். கணவருக்கு 10 லட்சம் வர வேண்டும், அவர் மேல் 40 சதவீதம் தப்பு என்று தீர்ப்பாயம் (இந்த மனுக்களை விசாரிக்கும் கோர்ட்) முடிவு செய்தால், கையில் வருவது 6 லட்சம். மனைவி வண்டியே ஓட்டவில்லை. அவரைப் பொறுத்தவரை கணவரும் லாரிக்காரரும் சேர்ந்து காயப்படுத்திய இரண்டு பேர். அவருக்கு 5 லட்சம் வர வேண்டும் என்றால், அந்த 5 லட்சத்தையும் லாரித் தரப்பிடமே கேட்கலாம். கொடுத்தவர் மற்றவரிடம் வசூலித்துக்கொள்வது அவர்கள் பாடு. உச்ச நீதிமன்றம் 2015-ல் கேன்யே எதிர் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. "புருஷன் மேல கேஸ் போட மாட்டேன்" என்று கண் கலங்கும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: போட வேண்டிய கட்டாயமே இல்லைம்மா, லாரி மேல் மட்டும் போட்டாலும் முழுத்தொகை கேட்கலாம்.

ஒரே ஒரு இடத்தில் கணக்கு மாறும். கணவர் இறந்து, அவருடைய சாவுக்காக மனைவி இழப்பீடு கேட்டால், கணவர் இடத்தில் நின்று கேட்பதால் கணவரின் தப்புப் பங்கு கழியும். தன் காயத்துக்காகப் போடும் மனுவில் கழியாது. ஆகவே இரண்டையும் தனித்தனி மனுவாகப் போடுங்கள், தனித்தனியாகவே பேசுங்கள்.

இனி காகிதங்கள். எஃப்.ஐ.ஆரில் பெரும்பாலும் ஒரு டிரைவர் பெயர்தான் இருக்கும். அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். தீர்ப்பாயத்துக்கு எஃப்.ஐ.ஆரே முடிந்த முடிவு கிடையாது. நான் முதலில் எடுத்துப் பார்ப்பது போலீஸ் விபத்து இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜரையும், அந்த இடத்தைப் படமாக வரைந்த மாதிரி வரைபடத்தையும்தான். லாரியின் பின்சக்கரம் ரோட்டோர வெள்ளைக் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா? எத்தனை அடி உள்ளே? தெருவிளக்கு இருந்ததா? லாரியைச் சுற்றிக் கல்லோ மரக்கிளையோ எச்சரிக்கையாக வைத்திருந்ததாக ஒரு வரி இருக்கிறதா? மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் பின்விளக்கு பற்றி என்ன எழுதியிருக்கிறது? யார் மேல் எத்தனை சதவீதம் என்ற பேரமே இந்த நாலைந்து வரிகளை வைத்துத்தான் நடக்கும். அப்படி ஆபத்தாக வண்டியை விட்டுப் போவதே மோட்டார் வாகனச் சட்டம் 122-ஆவது பிரிவுப்படி தவறு.

ஹெல்மெட் போடவில்லை, பைக்கில் மூன்று பேர், லைசென்ஸ் இல்லை என்றெல்லாம் சொல்லிக் கழிக்கப் பார்ப்பார்கள். அந்தத் தவறுக்கும் இந்த விபத்துக்கும் அல்லது காயத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள். கால் முறிந்தவரிடம் ஹெல்மெட் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

பாலிசி நகலையும் வாங்கிப் பாருங்கள். பைக்குக்கு வெறும் ஆக்ட் பாலிசி (சட்டம் கட்டாயமாக்கிய குறைந்தபட்ச இன்சூரன்ஸ்) என்றால் பின்னால் உட்கார்ந்தவருக்கு அந்தக் கம்பெனி தராது. அதற்கு மேலும் சேர்த்து எடுக்கும் பேக்கேஜ் பாலிசி என்றால் தரும். அரசுப் பேருந்துக்குப் பெரும்பாலும் இன்சூரன்ஸே இருக்காது, போக்குவரத்துக் கழகமே கட்ட வேண்டும். பணம் வராமல் பேருந்தை ஜப்தி செய்த செய்தி எத்தனை முறை வந்திருக்கிறது! பஸ்ஸும் தனியார் லாரியும் மோதி, நீங்கள் பஸ்ஸில் பயணியாக இருந்தீர்களா? இரு தரப்பையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிட்டு, சீக்கிரம் பணம் கட்டக்கூடியவரிடம் முழுத்தொகையையும் வசூலிக்கப் பாருங்கள். அதற்கு உத்தரவில் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்ற சொற்கள் இருக்க வேண்டும். வக்கீலிடம் இதை வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் 60-க்கு ஒருவர், 40-க்கு ஒருவர் என்று பிரித்துக் கொடுத்த உத்தரவோடு இரண்டு இடத்துக்கும் அலைய வேண்டிவரும்.

2022 ஏப்ரலில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, மனுப் போடச் சட்டம் தரும் காலம் விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான். தள்ளிப்போடாதீர்கள். ஆனால் சமரசத்துக்கு அவசரப்படாதீர்கள். காலில் வைத்த பிளேட்டை எடுக்கும் ஆபரேஷன் பாக்கி இருக்கும்போதே முடித்துக்கொண்டால், அந்தச் செலவு உங்கள் தலையில்தான். ஊனச் சான்று வந்த பிறகு, முழுத்தொகை எவ்வளவு என்று முதலில் போடுங்கள். சதவீதப் பேச்சு அதற்குப் பிறகுதான். எதிர்த்தரப்பு எப்போதும் இதைத் தலைகீழாகத் தொடங்கும், கழித்த தொகையையே முழுத்தொகை மாதிரி சொல்லும். மனுப் போட்ட நாளிலிருந்து வர வேண்டிய வட்டி அதில் அடங்குமா என்றும் கேளுங்கள்.

லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் பணம் சீக்கிரம் வரும், ஆனால் அப்பீல் கிடையாது. அதனால் இரு தரப்பும் கையெழுத்துப் போடும் சமரசக் காகிதமான ஜாயிண்ட் மெமோவைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு கம்பெனியோடு மட்டும் முடிக்கிறீர்கள் என்றால், "இது இந்த எதிர்மனுதாரரின் பங்குக்கு மட்டும், மற்றவர் மீதான கோரிக்கை தொடரும்" என்ற வரி அதில் இருக்க வேண்டும். "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் இருந்தால் அதை மாற்றி எழுதித் தரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.