வைரஸ் தொற்றிய செல்களில் நிலவேம்பின் அழற்சி தணிக்கும் திறனைச் சோதிப்பது எப்படி?

வைரஸ் தொற்றிய செல்களில் நிலவேம்புச் சாற்றை இட்டபின், செல்கள் சுரக்கும் அழற்சிப் புரதமான இன்டர்லூக்கின்-6 குறைந்தால், அழற்சி தணிந்தது என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. செல்கள் மடிந்திருந்தாலும் அது குறையும். வைரஸ் பெருகாமல் போயிருந்தாலும் குறையும். இவ்விரண்டையும் விலக்குவதே இச்சோதனையின் உயிர்நாடி.

பொடியாக வாங்காமல், பூக்கத் தொடங்கும் பருவத்துச் செடியை முழுதாகப் பறித்து, தாவரவியலாளரிடம் காட்டி இனத்தை உறுதிசெய்து, ஒரு மாதிரியை உலர்தாவரமாகப் பாதுகாத்து வையுங்கள். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளும் பெய்யும் குமரி மாவட்டத்தில் உலர்த்துவதுதான் பெரும்பாடு. நிழலில் பரப்பிய இலை, விரலிடையில் கசக்கினால் மடங்காமல் நொறுங்க வேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும். பாக்டீரியாவின் எண்டோடாக்ஸின் என்னும் நச்சு தானே அழற்சியைத் தூண்டுமாதலால், சாற்றில் அது இல்லை என்பதை, அந்நச்சைக் கண்டறியும் லிமுலஸ் சோதனையால் உறுதிசெய்யுங்கள்.

உலர்ந்த செடியைப் பொடித்து, அப்பொடியை 70% எத்தனாலில் பத்து மடங்கு அளவில் மூன்று நாள் ஊறவைத்து வடிகட்டி, 45 டிகிரி செல்சியஸுக்கு மிகாமல் ஆவியாக்கி, டி.எம்.எஸ்.ஓ. என்னும் கரைப்பானில் கரைத்துக்கொள்ளுங்கள். செல்களைச் சேரும் டி.எம்.எஸ்.ஓ. 0.1 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம்.

அடுத்தது எம்.டி.டி. சோதனை. எம்.டி.டி. என்னும் மஞ்சள் சாயத்தை உயிருள்ள செல்கள் ஊதாவாக மாற்றுவதை வைத்து, எத்தனை செல்கள் பிழைத்தன என்று அளப்பது இது. சோதனைத் தட்டில் செல்லே இல்லாத குழியில் சாற்றையும் எம்.டி.டி.யையும் மட்டும் இட்டபோது, அதுவும் ஊதாவாக மாறியதை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். தாவரப் பாலிபீனால்கள் சாயத்தைத் தாமே வேதிமாற்றி ஊதாவாக்கிவிடுகின்றன; அதை அறியாமல் அளந்தால் மடிந்த செல்லும் உயிருள்ளதாகத் தோன்றும். ஆகவே சாற்றைக் கழுவி நீக்கிய பிறகே எம்.டி.டி.யைச் சேர்த்து, குறைந்தது 90% செல்கள் பிழைக்கும் செறிவையே தேர்ந்தெடுங்கள்.

பருவகால இன்ஃபுளுவென்சா வைரஸையும், ஏ549 என்னும் மனித நுரையீரல் செல்வகையையும், உயிரிப் பாதுகாப்பு நிலை 2 உள்ள ஆய்வகத்தில் கையாளலாம். செல்லுக்கு ஒன்று என்ற கணக்கில் வைரஸை இட்டாலும், சில செல்களில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்துவிடுவதால், ஏறத்தாழ 63% செல்களே தொற்றுக்கு உள்ளாகும். ஒரு மணி நேரம் கழித்து வைரஸைக் கழுவிவிட்டுச் சாற்றை இடுங்கள். முன்னதாகவே இட்டால் வைரஸ் நுழைவதைத் தடுத்ததா, அழற்சியைத் தணித்ததா என்று பிரித்தறிய முடியாது. தொற்றில்லாதவை, தொற்றுடன் கரைப்பான் மட்டும் பெற்றவை, தொற்றுடன் சாறு பெற்றவை, தொற்றின்றிச் சாறு பெற்றவை, தொற்றுடன் டெக்ஸாமெதாசோன் என்னும் அழற்சி தணிக்கும் மருந்து பெற்றவை என ஐந்து குழுக்கள் கட்டாயம் வேண்டும்.

24 மணி நேரம் கழித்து, செல்களின் மேலுள்ள வளர்ப்பு நீரை எடுத்து, ஒரு பங்கில், புரதங்களை அளக்கும் எலைசா சோதனை மூலம் இன்டர்லூக்கின்-6, 8 ஆகியவற்றையும், மறுபங்கில், தொற்றும் திறனுள்ள வைரஸ்களை எண்ணும் பிளேக் சோதனை மூலம் வைரஸ் அளவையும் அளவிடுங்கள். நிலவேம்பிலுள்ள ஆண்ட்ரோகிராஃபோலைடு என்னும் வேதிப்பொருள், அழற்சி மரபணுக்களை இயக்கும் என்.எஃப்.-கப்பா பி-யின் பி50 புரதத்தில் 62-ஆவது இடத்திலுள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தோடு பிணைந்து, அது டி.என்.ஏ.வைப் பற்றுவதைத் தடுக்கிறது என்பது அறியப்பட்ட செய்தி. ஆனால் முழுச்சாற்றில் பல பொருள்கள் இருப்பதால், உங்கள் முடிவையும் இதனுடன் அப்படியே பொருத்திவிடாதீர்கள்.

வைரஸ் அளவும் சேர்ந்து குறைந்திருந்தால், வைரஸுக்குப் பதிலாகப் பாலி ஐ:சி என்னும் செயற்கை ஆர்.என்.ஏ.வைக் கொண்டு சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அது பெருகாத பொருள்; அங்கும் இன்டர்லூக்கின் குறைந்து, செல்களும் பிழைத்திருந்தால், அழற்சியைத் தணிக்கிறது என்று துணிந்து எழுதலாம்.