உயர்த்திய லேண்ட் குரூசருக்குப் படி பொருத்துதல்

1960 முதல் 1984 வரை தயாரிக்கப்பட்ட டொயோட்டா லேண்ட் குரூசர் எஃப்ஜே40 வண்டியைச் சஸ்பென்ஷன் மாற்றி நான்கு அங்குலம் உயர்த்திவிட்டால், வயதானவர்கள் கதவுச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கித்தான் ஏற வேண்டியிருக்கும். படியை ஒருபோதும் பாடித் தகட்டில் பொருத்தக் கூடாது. பழைய தகடு துருவேறி மெலிந்திருக்கும், மேலும் பாடி ரப்பர் தாங்கிகளின் மேல் தனியே அசையும். சுமை முழுவதும் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் இறங்க வேண்டும்.

துளையிடுமுன் உட்புறம் செல்லும் பிரேக் குழாய், எரிபொருள் குழாய், வயர்கள் ஆகியவற்றைப் பார்த்து விலக்கிவிடுங்கள். துளைகள் சேசிஸின் பக்கச் சுவரின் நடுப்பகுதியில் அமையட்டும். மேல், கீழ் விளிம்புகளில் துளையிட்டால் அங்கேதான் விரிசல் தொடங்கும். சேசிஸ் பெட்டி வடிவில் இருப்பதால், போல்ட்டை இறுக்கும்போது சுவர்கள் உள்நோக்கி நசுங்காதபடி ஒவ்வொரு துளையிலும் ஓர் இரும்புக் குழாய்த்துண்டைச் செருகி, 8.8 என்ற வலிமைத் தரமுள்ள 12 மி.மீ. போல்ட்டைப் போடுவதே என் வழக்கம். துளையின் வெட்டுவாயில் துருத்தடுப்புப் பெயின்ட் பூச மறவாதீர்கள்.

தரைக்கும் கதவடிக்கும் நடுவில் படி நிற்பது ஏறுவதற்கு வசதி. ஆனால் பாறைப் பாதையில் ஓட்டுபவர், ஏறச் சற்றுச் சிரமப்பட்டாலும், பாறையில் இடிக்காதபடி அதைச் சேசிஸை ஒட்டியே வைக்கலாம். இறுதியாக முன்சக்கரத்தை இருபுறமும் முழுவதும் திருப்பி, டயர் படியில் உரசவில்லை என்பதை உறுதிசெய்த பின்னரே போல்ட்டுகளை இறுக்குங்கள்.