கை அசையவில்லை, சுருதி நழுவியது: என் அனுபவம்

மணிக்கட்டில் ஒன்பது அச்சு மோஷன் சென்சார், அதாவது அசைவையும் திசையையும் அளக்கும் சில்லு. கையை இடம் வலமாகத் திருப்பினால், நான் பாடும் குரலோடு சேர்ந்து வரும் செயற்கைக் குரலின் சுருதி ஏறும், இறங்கும். புதிதாக இசையமைக்கும் ஒரு துண்டுக்காகச் செய்தது. மேசையில் வைத்துச் சோதித்தால் கச்சிதம். நின்று பாடினாலோ, கையை அசைக்காதபோதும் அந்தக் குரல் பஞ்சமத்திலிருந்து மெல்ல நழுவும்.

முதலில் சுருதி கண்டறியும் நிரல் மேல் சந்தேகம். அதில் பழுதில்லை. இசைக்கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் மிடி முறையின் 128 படிகள் போதவில்லையோ என்று, சுருதியை வளைக்க அதிலேயே 16,384 படிகள் உள்ள பிட்ச் பெண்டுக்கு மாறினேன். ஒலி வழுவழுப்பானது, நழுவல் அப்படியே. சென்சார் அளவுகளின் நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்மூத்திங்கைக் கூட்டியதில் தாமதம்தான் மிச்சம். நான்கு நாள் போயிற்று.

ஒத்திகை வீடியோவில்தான் பிடிபட்டது. ஒவ்வொரு நழுவலுக்கும் சற்று முன் என் கை காதருகே போகிறது. ஹெட்போனை அழுத்திப் பிடித்துப் பாடும் பழக்கம்! ஹெட்போனுக்குள் காந்தம், சென்சாரின் மூன்று அச்சுகள் காந்தமானி, அதாவது புவியின் காந்தப்புலத்தை வைத்துத் திசை சொல்லும் திசைகாட்டி. புவியின் காந்தப்புலம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லாதான், பக்கத்துக் காந்தம் அதை எளிதில் அமுக்கிவிடும். கை இறங்கிய பிறகும் சென்சாரின் திசைக் கணக்கு நிலைக்கு வரச் சில நொடி பிடித்ததால் காரணம் கண்ணில் படவே இல்லை.

காந்தமானியை விட்டு, முடுக்கமானியும் சுழற்சியை அளக்கும் ஜைரோவும் மட்டுமே உள்ள ஆறு அச்சு முறைக்கு மாற்றினேன். அது மட்டும் போதாது: கிடைமட்டத் திசைக்கு ஆதாரம் போய்விடும், ஜைரோ தானாகவே விலகும். அதனால் சுருதியை, சாவி திருகுவதுபோல மணிக்கட்டை உருட்டும் அசைவுக்குக் கொடுத்தேன். அதற்குப் புவியீர்ப்பே ஆதாரம். இரண்டு மணி நேரம் காதைப் பொத்தியபடியே பாடிப் பார்த்தேன். பஞ்சமம் நின்ற இடத்தில் நின்றது.