வீட்டுக்குள் வைக்க எலக்ட்ரிக் கிரில் வாங்கப் போகிறீர்களா?

கடைக்குக் கிளம்பும் முன் அடுப்படியில் இருக்கிற பிளக் பாயின்ட்டைப் பாருங்கள். 2000 வாட் கிரில் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், சாதாரண 6 ஆம்பியர் பாயின்ட் அதைத் தாங்காது, கீசருக்குப் போடுகிற 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும்.

அப்புறம் தட்டு. வஞ்சிரமும் சங்கராவும் வாங்கிவரக் கடலூர் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கும்போது நம் வீட்டு கிரில் முக்கால்வாசி நாள் மீனுக்குத்தான் ஓடும், மசாலா ஒட்டிக் காய்ந்துவிட்டால் தேய்த்து எடுப்பது பெரும்பாடு, அதனால் விலை கொஞ்சம் கூடினாலும் தட்டு தனியாகக் கழன்று வருகிற மாடலைத்தான் வாங்கச் சொல்வேன். மேலும் கீழும் சேர்ந்து சுடுகிற மூடி வகையில் சிக்கன், பனீர் சீக்கிரம் வெந்துவிடும். ஆனால் முழு சங்கராவை அதில் வைத்து அமுக்கினால் உடைந்து போகும், மீன்தான் முக்கியம் என்றால் திறந்த தட்டு வகையே சரி.

சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகு கட்டாயம் இருக்கட்டும். 'புகையே வராது' என்று டப்பாவில் போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள், கொழுப்பு சூட்டில் பட்டால் புகையத்தான் செய்யும். எண்ணெய் வடிகிற தட்டில் தண்ணீர் ஊற்றி வைக்கிற வகையில் அது குறையும். கடற்காற்றுக்குத் துரு சீக்கிரம் ஏறும், கீலும் ஸ்க்ரூவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேட்டு வாங்குங்கள்.