திட்டச் செலவு கூடியது ஏன்? கேட்டறியும் முறை

நெல்லையில் நம் வரிப்பணத்தில் கட்டப்படும் பேருந்து நிலையமோ ரயில்வே மேம்பாலமோ மதிப்பீட்டைத் தாண்டிச் செலவை இழுக்கும்போது, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் பிரிவு 6(1)-இன்கீழ் வெள்ளைத்தாளில் மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பணியை நடத்தும் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். ரயில்வே பணியென்றால் வில்லைக்குப் பதில் போஸ்டல் ஆர்டர்.

"செலவு ஏன் கூடியது?" என்று மட்டும் கேட்டால் பயனில்லை, அந்தச் சட்டம் ஆவணத்தைத் தருமேயன்றி விளக்கத்தைத் தராது. ஆகவே நிர்வாக அனுமதி ஆணை, ஒப்பந்தம், திருத்திய மதிப்பீடுகள், அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அளவுப் புத்தகமே இதில் உயிர்நாடி: தோண்டிய குழியின் நீளம், அகலம், ஆழம் வரிவரியாக அதில்தான் இருக்கும், ஒப்பந்த அளவோடு ஒப்பிட்டால், விலைவாசியால் கூடியதா, வேலையே கூடியதா என்பது புலப்படும். கொல்கத்தா கிழக்கு–மேற்கு மெட்ரோவின் மதிப்பீடு சுமார் 4,875 கோடி ரூபாயிலிருந்து 2020-இல் 8,575 கோடியாக உயர்ந்ததற்குப் பாதை மாற்றமும் ஒரு காரணம்.

நிலம் கைக்கு வருமுன் வேலையைத் தொடங்குவதே பெருங்கேடு என்பது என் உறுதியான கருத்து. நிலம் ஒப்படைத்த தேதியையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் பிரிவு 19(1)-இன்கீழ் மேல்முறையீடு செய்யலாம்.